வலையை நாலு விரல் இறக்கியவர்

எங்கள் தெருவில் அவர் திருத்தாத உடம்பு கிடையாது.

குழாயடியில் குடத்தைத் தூக்கக் குனிந்தால் பின்னாலிருந்து குரல் வரும். "ஏளா, முதுக வளைக்காத. முழங்கால மடக்கு. குடம் தன்னால மேல வரும்." கல்யாணமாகி மில்லர்புரத்துக்கு வந்த மறுநாளே எனக்கு இந்தப் பாடம் நடந்தது. முன்பின் தெரியாத ஆம்பிளை ஒருவர் புதுப்பெண்ணைப் பார்த்து முழங்காலை மடக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? குடத்தை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது நம்ம கோச்சு அண்ணாச்சிளா. நேத்து நான் தாலி கட்டும்போது காதுகிட்ட வந்து, 'தோள எறக்கிக்கிட்டுக் கட்டுலே, அப்பதான் முடிச்சு இறுகும்'னு சொன்னாரே, அவருதான்."

அவர் போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆகப்போகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில், பருப்பு மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் பேரை எழுதப்போவதில்லை. தெருவிலும் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முதலில் மரியாதைக்காகச் சொல்லவில்லை, பிறகு வெறுப்பில் சொல்லவில்லை. ரெண்டு காலத்திலும் அவர் கோச்சுதான்.

அம்மன் கோயில் பூசாரியையும் அவர் விட்டுவைக்கவில்லை. தீபாராதனை நடக்கிறது, பெண்கள் குலவை போடுகிறார்கள், எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். இவர் முன்வரிசையில் நின்று, "சாமி, தோளச் சுத்தாதிய. மணிக்கட்ட மட்டும் சுத்துங்க" என்கிறார். பூசாரிக்கு வந்ததே கோபம். "அப்ப நீரே வந்து காட்டும்வே!" என்று தட்டை நீட்டிவிட்டார். ஆனால் அடுத்த கொடைத் திருவிழாவுக்குள் பூசாரியின் தோள்வலி போய்விட்டது. அம்மன் கிருபை என்று பூசாரி சொன்னார். நானும் அப்படித்தான் சொல்வேன். அம்மன் யார் வாயில் வந்து பேசுவாள் என்று நமக்கு என்ன தெரியும்?

பகலில் அவருக்கு உப்பளத்தில் மேஸ்திரி வேலை. வெயில் தாழ்ந்ததும் தெருக்கோடியில் இருந்த காலி மனைக்கு வந்து விசில் ஊதுவார். அவ்வளவுதான், வாலிபால் ஆடுகிற பயல்கள் எல்லாம் தின்றதும் தின்னாததுமாக ஓடுவார்கள். மைதானத்துக்குக் கோடு போட மற்ற ஊர்க்காரர்கள் சுண்ணாம்பு வாங்குவார்கள். எங்கள் தெருவில் உப்பு. உப்பளத்தில் ஒதுக்கித் தள்ளிய மண் கலந்த உப்பைக் கொண்டுவந்து கோடு இழுப்பார். பந்துக்காகப் பாய்ந்து கோட்டில் விழுந்து சிராய்த்துக்கொண்டவன் போடுகிற கூச்சல் என் கடைவரை கேட்கும். கூச்சலை வைத்தே பந்து உள்ளேயா வெளியேயா என்று நான் கல்லாவில் இருந்தபடி சொல்லிவிடுவேன்.

கோடு போடப் பயல்களை விடுவார். வலை கட்ட மட்டும் யாரையும் விடமாட்டார். அது அவர் வேலை. கம்பத்தில் கயிற்றை இழுத்து முடிந்துவிட்டு, வலைக்கு அடியில் வந்து நின்று, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி அண்ணாந்து பார்ப்பார். "சரி" என்பார். அதுதான் அளவு. கோச்சே கையைத் தூக்கிப் பார்த்த பிறகு டேப்பைக் கொண்டுவா என்று யார் கேட்பது?

அம்மன் கொடையை ஒட்டி வருசா வருசம் போட்டி நடக்கும். திரேஸ்புரத்தில் இருந்து வருவார்கள், காயல்பட்டினத்தில் இருந்து வருவார்கள். திரேஸ்புரத்துப் பையன்கள் கடலில் வலை இழுத்து உரம் ஏறிய கைக்காரர்கள். அவர்கள் அடித்தால் பந்து எங்கள் மைதானத்தைத் தாண்டி, என் கடைக் கூரையில் வந்து விழும். தடுக்கத் துள்ளினால் கை வலையில் பட்டுவிடும். உடனே விசில். கோப்பை எங்களுக்கு. வருசா வருசம் எங்களுக்கு. நான் சர்க்கரைப் பொங்கல் வைத்து அம்மனுக்குப் படைத்தேன், பொய் சொல்வானேன்.

வெளியூர் போனால் மட்டும் எங்கள் பயல்கள் தோற்றுவிட்டு வருவார்கள். போகிற ஊரில் எல்லாம் தோல்வி. இதைப் பற்றித் தெருவில் பெரிய ஆராய்ச்சி நடந்தது. கடைசியில் டீக்கடை அண்ணாச்சி கண்டுபிடித்துச் சொன்னார், வெளியூர்த் தண்ணீர் நம் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று. அதற்குப் பிறகு போட்டிக்குப் போகும்போது வேனில் ரெண்டு கேன் எங்கள் தெருக் குழாய்த் தண்ணீரும் போனது. தண்ணீரைக் குடித்துவிட்டும் தோற்றார்கள்.

லிங்கதுரை என்று ஒரு பையன். அப்போது அவனுக்குப் பதினேழு வயசு. தெருவிலேயே உயரமானவன். உயரம் மட்டும்தான் இருந்தது, கை கால் எல்லாம் ஈர்க்குச்சி. என்னை அண்ணி முறையில் மைனி என்றுதான் கூப்பிடுவான். அவன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு கம்பெனி அணியில் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். தேறினால் அணியில் இடம், கம்பெனியில் வேலை. அவன் அம்மா திருச்செந்தூருக்குப் பால்குடம் நேர்ந்துகொண்டாள். தெருவே சேர்ந்து வழியனுப்பியது. கோச்சு அவன் தோளைத் தட்டி, "எறக்கி வை" என்று சொல்லி பஸ் ஏற்றினார்.

தேர்வில் லிங்கதுரை அடித்த பந்து எல்லாம் வலையில் போய் விழுந்தது. ஒன்றுகூட அந்தப் பக்கம் போகவில்லை. தேர்வு எடுத்தவர்கள் முதலில் ஆச்சரியப்பட்டார்கள், பிறகு சிரித்தார்கள், பிறகு அடுத்த பையனைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே மைதானத்துக்குப் போய், வலைக்கு அடியில் நின்று ஒரு கையைத் தூக்கினான். அவன் விரல் வலைக்கு மேலே எட்டிப் பார்த்தது. மற்றக் கையின் நாலு விரலை அந்த இடைவெளியில் வைத்தான். சரியாக நின்றது.

"அங்க தேர்வுல என் விரல் நுனிதான் வலை உச்சியத் தொட்டுச்சு. இங்கன நாலு விரல் மிச்சம் இருக்கு" என்றான். சத்தமே போடாமல் சொன்னான். பிறகுதான் மற்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

அதைப் பார்க்கவேண்டுமே! இத்தனை வருசக் கோப்பையும் ஒரு நிமிசத்தில் தகரமாகிவிட்டது. டேப்பைக் கொண்டுவந்து அளந்து பார்ப்போம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆளுக்கொரு பக்கம் வலையை இழுத்துக் கிழித்தார்கள், கம்பத்தைப் பிடுங்கினார்கள், கோச்சை நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்கள். தள்ளியவனைப் பார்த்து அவர் சொல்கிறார்:

"ஏலே, வெறுங்கையால தள்ளாத. கால ஊணிக்கிட்டுத் தள்ளு. இல்லன்னா நீதான் விழுவ."

அவன்தான் விழுந்தான். உப்புக் கோட்டின்மேல் விழுந்தான். அந்தக் கூச்சலும் என் கடைவரை கேட்டது.

வலையைப் பற்றி அன்றைக்கு அவர் சொன்னது ஒரே வார்த்தை. "வலை சரியாத்தான் இருந்துச்சு." அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அதே வார்த்தை. எங்கள் தெரு வாலிபால் கிளப்பில் இருந்து அவரை எடுத்தார்கள், அவர் போட்டோவைக் கழற்றினார்கள், அந்த ஆணியில் காலண்டர் மாட்டினார்கள். வலை சரியாத்தான் இருந்துச்சு. அவர் சம்சாரம் ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "மொத மொதல்ல ஆட வந்த பயலுவ எல்லாம் குட்டையாம். ஒரு அடியாவது அந்தப் பக்கம் விழட்டும், பயலுவளுக்கு ஆசை வரட்டும்னு கொஞ்சம் எறக்குனாவளாம். அப்பறம் ஏத்தத்தான் மனசு வரல. ஆனா வெளிய ஒத்துக்கிட மாட்டாவ."

தெருவில் எதுவும் போட்ட இடத்தில் போட்ட அளவில் கிடக்காது. நாலு விரல் கொஞ்ச நாளில் ஒரு சாண் ஆனது. அடுத்த கொடைக்குள் முழம் ஆனது. சோப்பு ஏஜெண்டு ஒருவர் என் கடைக்கு வந்து, "உங்க தெருவுல வலையே கட்டாம ஆடுனாங்களாமே?" என்று கேட்டார்.

சின்னப் பிள்ளைகள்கூட அவர் சைக்கிளில் போகும்போது, "வலை எறங்கிட்டு! வலை எறங்கிட்டு!" என்று பின்னால் கத்தும். அவர் சைக்கிளை நிறுத்தித் திரும்புவார். பிள்ளைகள் ஓடத் தயாராக நிற்கும். "கழுத்த நீட்டிக் கத்தாதியல, தொண்டை கட்டிக்கிடும். வயித்துல இருந்து கத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். பிள்ளைகளும் அப்படியே கத்தும். சத்தம் நன்றாகத்தான் வந்தது.

லிங்கதுரை ஆட்டோ வாங்கினான். கல்யாணம் பண்ணினான், பிள்ளைகள் பெற்றான், கைகால் தடித்தான். கோச்சோடு மட்டும் பேசவில்லை. எதிரே வந்தால் ஆட்டோவை அடுத்த சந்தில் திருப்பிவிடுவான். இப்படியே இருபது வருசம் ஓடியது.

ஒரு நாள் காலையில் அவருக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கொஞ்ச நேரத்தில் தெரு வாட்ஸ்அப்பில் ஒருவன், 'கோச் காலமானார்' என்று போட்டுவிட்டான். அவ்வளவுதான். அவரைத் துரத்திய கிளப்புக்காரர்களே ஓடிப்போய் ஃபிளெக்ஸ் அடித்தார்கள். 'வாலிபால் உலகின் விடிவெள்ளிக்குக் கண்ணீர் அஞ்சலி.' தெருமுக்கில் கட்டியும் விட்டார்கள். கிளப் செயலாளரிடம் கேட்டேன், "ஏம்ப்பா, இவ்வளவு நல்ல போட்டோ எங்க இருந்துச்சு?"

"நாங்க கழட்டுனதுதான். கேரம்போர்டுக்குப் பின்னால கெடந்துச்சு" என்றார்.

செத்தவர் பத்து நாளில் ஆம்புலன்சில் திரும்பி வந்தார். அதுவரை யாரும் அவிழ்க்காமல் விட்ட ஃபிளெக்ஸை அவிழ்க்க ஆள் ஓடியது, ஆனால் ஆம்புலன்ஸ் முந்திக்கொண்டது. கதவைத் திறந்து அவரை இறக்கும்போது நேர் எதிரே அவர் படம், மாலையோடு. எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம். அவர் மட்டும் நன்றாகப் பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கி ஆட்டி என்னமோ சொன்னார். ஆ, ஊ என்று வந்தது. அவர் மகள் முத்துச்செல்விதான் அருகில் போய்க் கேட்டுச் சொன்னாள். "ஒரு பக்கம் கயிறு தளர்ந்து கெடக்காம். இழுத்துக் கட்டணுமாம்."

அவர் இப்படி விழுந்தது தெருவுக்கு ரொம்ப நாளைக்குப் பேச்சாக இருந்தது. டீக்கடை அண்ணாச்சி, "சாமி குடுத்த தண்டனை. வலைய எறக்குன கை விழுந்துட்டு பாரு" என்றார். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. நான் சஷ்டி தவறாமல் திருச்செந்தூர் போகிறவள். முருகனை எனக்குக் கொஞ்சம் தெரியும். நாலு விரல் வலைக்கு ஒரு கை, ஒரு கால், ஒரு வாய் என்று எடுத்துக்கொள்கிற தெய்வம் இல்லை அவன். "அப்பிடின்னா நீங்க டீயில ஊத்துத தண்ணிக்குச் சாமி எத்தன கைய எடுக்கணும் அண்ணாச்சி?" என்றேன். ஒரு வாரம் எனக்கு டீ வரவில்லை.

வாரத்தில் ரெண்டு நாள் அவரைக் கைகால் பயிற்சிக்குக் கூட்டிப் போகவேண்டும். எந்த ஆட்டோக்காரனும் அவரைத் தூக்கி ஏற்றி இறக்கச் சம்மதிக்கவில்லை. முத்துச்செல்வி துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற ஒரு ஆபீசில் வேலை பார்க்கிற பெண், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. நேரே லிங்கதுரை வீட்டுக்குப் போய், "அண்ணே, ஒங்களுக்கு எங்க அப்பாவப் பிடிக்காது. தெரியும். ஆனா அவரத் தூக்குத அளவு ஒயரம் ஒங்களுக்குத்தான் இருக்கு" என்று கேட்டிருக்கிறாள். அவனும் வந்துவிட்டான். என்னடா இது அதிசயம் என்று நான் கேட்டேன்.

"பிடிக்காதுதான் மைனி. அதனாலதான் வாரேன். என்னைய நம்பி அவரு ஏறுததக் கண்ணால பாக்கணும்லா?"

வேகத்தடை வந்தால் மெதுவாகப் போகமாட்டான். கோச்சு சீட்டில் இருந்து ஒரு முழம் எழும்பி விழுவார். ஒரு நாள் பின்னாலிருந்து ஆ, ஊ என்று சத்தம். சரி, இன்றைக்கு வலித்துவிட்டது போல என்று திருப்தியாகத் திரும்பிப் பார்த்திருக்கிறான். கோச்சு இடது கையால் அவன் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். தோளை இறக்கி வைத்து ஓட்டவேண்டுமாம்.

"இத்தன வருசம் கழிச்சும் என் தோளுதான் மைனி அந்த மனுசனுக்குத் தெரியுது" என்றான். கோபமாகத்தான் சொன்னான். ஆனால் தோள் இறங்கித்தான் இருந்தது.

முத்துச்செல்விக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரெண்டு இடம் கூடிவந்து தட்டிப் போனது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கேட்பதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஒருவர் தெருவுக்கு வந்து சத்தமில்லாமல் விசாரிப்பார். வந்தவர் யாரென்று அவர் சொல்லமாட்டார், நமக்குத் தெரிந்தாலும் நாம் காட்டிக்கொள்ளக் கூடாது. வேகாத வெயிலில் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்து, ஒரே ஒரு சோப்பை வாங்கிக்கொண்டு, பத்து நிமிசம் நின்று வேர்த்தால் அவர் சம்பந்தி வீட்டுக்காரர். அந்த ரெண்டு தடவையும் தெரு வலைக் கதையைச் சொன்னது. அதுவும் முழக் கணக்கில் சொன்னது. ரெண்டு இடமும் திரும்பவில்லை.

மூன்றாவது இடம் சாத்தான்குளம் பக்கம். நல்ல பையன். அவளுக்கும் பிடித்திருந்தது, போனில் பேசியிருந்தார்கள். அவள் அம்மா என் கடைக்கு வந்து அழுதாள். "இதுவும் போச்சுன்னா இனிமே பாக்க வேண்டாம்னு சொல்லிட்டாம்மா அவ. அவளுக்கும் முப்பது ஆவப் போவுது." நான் திருச்செந்தூர்ப் பன்னீர் இலை விபூதியை எடுத்து அவள் நெற்றியில் பூசி அனுப்பினேன். அன்று சாயங்காலமே டீக்கடை அண்ணாச்சி, பூசாரி, கிளப் செயலாளர் மூவரையும் கடைக்குக் கூப்பிட்டேன்.

"அந்தப் பிள்ள என்ன பாவம் பண்ணுச்சு? இந்தத் தடவ விசாரிக்க வந்தா ஒருத்தரும் வலையப் பத்தி வாயத் தெறக்கப்படாது" என்றேன். அம்மன்மேல் ஆணையாக ஒத்துக்கொண்டார்கள். வலையைச் சொல்லக்கூடாது என்று பேசினோமே ஒழிய, அதற்குப் பதில் எதைச் சொல்வது என்று பேச மறந்துவிட்டோம்.

வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் அத்தையும். புதுச் செருப்பு, ஒரு சோப்பு.

"அந்த வீட்டுக்காரரு கோச்சா இருந்தாராமே. ஏன் விட்டுட்டாராம்?"

"முழங்கால் வலி" என்றேன் நான். முருகா, நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டீக்கடையில், "கட்சியில சீட்டுத் தாரோம்னு கூப்பிட்டாவ, அதுல விட்டுட்டாரு" என்று சொல்லப்பட்டது. செயலாளர், "சென்னைக்குக் கூப்பிட்டாவ. இந்தத் தெருவ விட்டு வரமாட்டேன்னு சொல்லிட்டு வெளையாட்டையே விட்டுட்டாவ" என்றார். பூசாரி, "அவரு ஒரு அருளாளர்" என்று சொல்லி விபூதி கொடுத்தாராம். நல்ல மனுசர், தங்கம், வைரம். வந்தவர்களுக்குத் தலை சுற்றியிருக்கும். முக்கில் போய் நின்று கைகாட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினார்கள். நிறுத்தியது லிங்கதுரை.

அவன் ஒருவனிடம் சொல்லிவைக்க மறந்துவிட்டோம். அவர்களைப் பஸ் ஸ்டாண்டில் விட்டுவிட்டுத் திரும்பியவனைக் கடை வாசலிலேயே மறித்தேன்.

"என்னல கேட்டாவ?"

"அவரப் பத்திக் கேட்டாவ."

"என்ன சொன்ன?"

"நடந்ததச் சொன்னேன்."

"எல்லாத்தையுமா?"

"நாலு விரலையும்."

"பாவி! அந்தப் பிள்ள ஒனக்கு என்னல செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. அவ தங்கமான பிள்ள, அதையும் சொன்னேன். அதுக்காகப் பொய் சொல்ல முடியாது மைனி. நீங்க எல்லாம் ஒரே நாள்ல அவருக்கு மாலையப் போட்டுட்டா, என் இருபது வருசம் எங்கன போய் நிக்கும்?"

நான் சோப்புப் பெட்டியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று போன் வந்துவிட்டது. எங்களுக்கே நம்பிக்கை வரவில்லை. வந்தார்கள். மாப்பிள்ளை, அப்பா, அம்மா, அத்தை. பஸ் ஸ்டாண்டில் இருந்து அவர்களை ஏற்றி வந்ததும் லிங்கதுரைதான், அவன் நம்பரை அன்றைக்கே வாங்கி வைத்திருந்தார்களாம். அவன் உள்ளே வரவில்லை. வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். தெருக்காரர்கள் நாங்கள் நாலைந்து பேர் உள்ளே இருந்தோம். கோச்சை வெள்ளைச் சட்டை போட்டு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மாப்பிள்ளை அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அவர் ஆ, ஊ என்றார். முத்துச்செல்வி, "முழங்கால மடக்கிக் கும்பிடணுமாம்" என்றாள். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே மறுபடி கும்பிட்டான். நல்ல பையன்தான்.

காப்பி குடித்து முடித்ததும் மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"நான் மனசுல வச்சிக்கிட்டுப் பேசுத ஆளு இல்ல. இந்தத் தெருவுல விசாரிச்சோம். ஆளுக்கொரு காரணம் சொல்லுதாவ. முழங்கால்ங்காவ, கட்சிங்காவ, சென்னைங்காவ. ஒருத்தரு மட்டும் வேற சொன்னாரு. வலைய நாலு விரல் எறக்கிப் பிள்ளையள ஆடவச்சாருன்னு. பழசப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பொய்யி மேல சம்பந்தம் வைக்க மாட்டேன். யாரு சொன்னது நெசம்னு நீங்களே சொல்லிருங்க. எறக்குனியளா, இல்லியா?"

'வலை சரியாத்தான் இருந்துச்சு' என்று அவர் எப்படியாவது சொல்லிவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். இருபது வருசமாக வேறு எதையும் அவர் சொன்னதில்லை. நான் மனசுக்குள் கந்தனைக் கூப்பிட்டேன். அவர் சம்சாரம், "அவுகளுக்குப் பேச்சு வராதுல்லா..." என்று ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ சும்மா இரு. அப்பா சொல்லட்டும்" என்றாள் முத்துச்செல்வி. காப்பித் தட்டு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

கோச்சு மகளைப் பார்த்தார். வாசலில் நின்ற லிங்கதுரையைப் பார்த்தார். இடது கையை மெதுவாகத் தூக்கினார். இல்லை என்று ஆட்டப்போகிறார் என்றுதான் நினைத்தோம். கட்டைவிரலை மடக்கினார். நாலு விரல் நின்றது. பிறகு சுண்டுவிரலையும் மடக்கினார். மூன்று விரல்.

யாருக்கும் புரியவில்லை. கிளப் செயலாளர் அவசரமாக, "மூணு கோப்பை வாங்குனதச் சொல்லுதாவ" என்றார். கோச்சு அவரை முறைத்தார். நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினார். வாயைக் கோணி, நரம்பு புடைக்க, ஒவ்வொரு எழுத்தாக இழுத்து வெளியே கொண்டுவந்தார்.

"மூ...ணு. நா...லில்ல."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு அவன் அப்பா. பிறகு வீடே சிரித்தது. முத்துச்செல்வி தட்டைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா, எனக்குத் தெரியவில்லை. மனுசர் இருபது வருசமாக ஒத்துக்கொள்ளாததை, ஒரு விரல் தப்பாகச் சொன்னதைப் பொறுக்க முடியாமல் ஒத்துக்கொண்டுவிட்டாரே!

லிங்கதுரை மட்டும் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே வந்தான்.

"மூணா? நாலு. என் கையாலதான அளந்தேன்? இந்தா பாரும்!" என்று அவர் முகத்துக்கு நேரே கையை நீட்டினான்.

கோச்சு அந்தக் கையைப் பிடித்தார். ஆட்டோ ஓட்டித் தடித்த கை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிடியைத் தளர்த்தி, தன் மூன்று விரலை அவன் நாலு விரலின்மேல் ஒட்டி வைத்தார். அவன் விரல்கள் ரெண்டு பக்கமும் வெளியே நின்றன. அவர் தலையை ஆட்டினார். இல்லை, இது இல்லை என்பது போல. அவன் ஒரு விரலைப் பிடித்துக் கசக்கி, ஒல்லியாக்கிக் காட்டினார்.

"அப்...ப... ஈர்க்...குச்சி" என்றார்.

பதினேழு வயசுப் பையனின் நாலு விரல், உப்பளத்து மேஸ்திரியின் மூன்று விரல். ரெண்டும் ஒரே அளவுதான். டேப்பு வைத்து அளந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அளக்காமல் கம்பத்தைப் பிடுங்கியது நாங்கள்.

அதைவிட எனக்கு என்ன ஆச்சரியம் என்றால், அந்தப் பையனின் விரல் எவ்வளவு ஒல்லியாக இருந்தது என்று அவர் மறக்கவில்லை. வலை சரியாக இருந்தது என்றே சொல்லிவந்த மனுசர் அதை எதற்காக நினைவில் வைத்திருக்க வேண்டும்?

மாப்பிள்ளையின் அம்மா பூவை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "என்ன, அளந்து முடிஞ்சுதா? பொண்ணுக்குப் பூ வைக்கலாமா? நல்ல நேரம் போவுது" என்றார் அவள் வீட்டுக்காரர்.

கோச்சு பிடியை விடவில்லை. லிங்கதுரையும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அப்படியே குனிந்து நின்றான். பூவைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.